உத்திரமேரூர் கல்வெட்டும் இராணுவத்தின் இரகசியக் கணக்கும்

உத்திரமேரூருக்கு வெளியூரிலிருந்து விருந்தினர் வந்தால் நாம் அவர்களை முதலில் அழைத்துப் போகும் இடம் வைகுண்டப் பெருமாள் கோவில்தான். அங்கே சுவரில் வெட்டப்பட்டுள்ள எழுத்துகளைக் காட்டி, "ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே தேர்தல் நடந்தது" என்று பெருமையோடு சொல்லுவோம். பள்ளிப் பாடப் புத்தகத்தில் நம் ஊர்ப் பெயரைப் பார்த்து மகிழ்ந்த நாட்கள் நம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் அந்தச் சுவர் தேர்தலைப் பற்றி மட்டும் பேசவில்லை. கணக்கைப் பற்றியும் பேசுகிறது. அதை நாம் அதிகம் எடுத்துச் சொல்வதில்லை.

முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகளில் வாரியங்களுக்கு யார் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது என்ற விதிகள் இருக்கின்றன. ஏற்கெனவே ஒரு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடியும் நிற்க முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய தந்தை, மகன், மாமனார், மைத்துனர், மருமகன், அத்தை மகன், மாமன் மகன், சித்தி பெரியம்மா மக்கள் என்று உறவுகள் வரிசையாகச் சொல்லப்பட்டு, அவர்களும் நிற்கக்கூடாது என்று விலக்கப்பட்டிருக்கிறார்கள். ஒருவர் கணக்குக் காட்டவில்லை என்றால் அவருடைய குடும்பத்துக்கே ஊர்ப் பொறுப்பு இல்லை. ஏரிக்கும் தோட்டத்துக்கும் பொன்னுக்கும் செலவாகும் ஊர்ப் பணத்தை அவ்வளவு கண்ணும் கருத்துமாகக் காத்தார்கள்.

அந்தச் சபையை நாம் அளவுக்கு மீறிப் புகழ வேண்டியதில்லை. அது பிராமணர்களின் சபை. நிலமும் வீடும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே அதில் இடம். ஏரியைத் தூர்வாரிய கைகளுக்கும் நாற்று நட்ட பெண்களுக்கும் அங்கே குரல் இல்லை. இந்தக் குறையை மறைக்காமல் சொல்லிவிட்டு, அவர்கள் வைத்த கணக்கு விதியை மட்டும் எடுத்துக்கொண்டு நம் காலத்துக்கு வருவோம்.

2020 டிசம்பர் 10 அன்று தில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். நமக்கெல்லாம் மகிழ்ச்சிதான். அப்படியானால் ஒரு கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு. நம் ஊரைச் சொல்லி அடிக்கல் நாட்டப்பட்ட அந்த மன்றத்தில், நாட்டின் மிகப் பெரிய செலவுகளில் ஒன்றான இராணுவச் செலவுக்கு நம் ஊர்க் கல்வெட்டு கேட்கும் அளவுக்காவது கணக்குக் கேட்கப்படுகிறதா?

எதில் வெளிச்சம், எதில் இருள்?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இராணுவத்துக்கு எவ்வளவு ஒதுக்கப்படுகிறது என்பது இரகசியமல்ல. 2025-26 நிதிநிலை அறிக்கையில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்டது ஏறக்குறைய ரூ.6.81 லட்சம் கோடி. மத்திய அரசு செலவிடும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் சுமார் 13 ரூபாய். அதில் முன்னாள் படைவீரர்களின் ஓய்வூதியத்துக்கு ரூ.1.60 லட்சம் கோடியும், ஆயுதங்கள், கப்பல்கள், விமானங்கள் வாங்குவது போன்ற மூலதனச் செலவுக்கு ரூ.1.80 லட்சம் கோடியும் போகின்றன. எல்லையில் காவல் நிற்பவர்களுக்குச் சம்பளமும் வயதானபின் ஓய்வூதியமும் கொடுப்பதை யாரும் குறை சொல்ல முடியாது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒதுக்கிய பணத்தைப் பற்றி மக்களின் பிரதிநிதிகள் பேசுகிறார்களா? செலவழித்த பணத்தின் தணிக்கை மக்களுக்குக் காட்டப்படுகிறதா? தணிக்கைக்கே வராத பணம் எவ்வளவு? இந்த மூன்று கேள்விகளுக்கும் மூன்று விதமான பதில்கள் கிடைக்கின்றன.

முதல் கேள்வி. ஒவ்வோர் அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையையும் மக்களவை விவாதித்து நிறைவேற்ற வேண்டும் என்பதே முறை. ஆனால் நேரம் போதவில்லை என்று, விவாதிக்கப்படாத கோரிக்கைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஒரே குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றிவிடும் வழக்கம் இருக்கிறது. இதற்கு 'கில்லட்டின்' என்று பெயர். 2018 மார்ச் 14 அன்று மக்களவையில் அமளிக்கு நடுவே பாதுகாப்பு உட்பட எல்லா அமைச்சகங்களின் கோரிக்கைகளும் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் விவாதம் ஏதுமின்றி நிறைவேறின. நாடாளுமன்றத்தின் பாதுகாப்பு நிலைக்குழு கோரிக்கைகளை ஆராய்ந்து அறிக்கை தருவது உண்மைதான். அதே 2018 மார்ச்சில் அந்தக் குழுவின் முன் வந்த இராணுவத் துணைத் தளபதி, படையிடம் உள்ள தளவாடங்களில் 68 விழுக்காடு பழமையானவை என்று கூறினார். அவ்வளவு முக்கியமான செய்தி குழுவின் அறிக்கையில் இருந்தும், சபையில் அதைப் பற்றி ஒரு மணி நேரமாவது பேச நேரம் கிடைக்கவில்லை.

இரண்டாவது கேள்வி. அரசின் செலவைத் தணிக்கை செய்ய அரசியல் சட்டமே சி.ஏ.ஜி. என்ற தலைமைக் கணக்குத் தணிக்கையாளரை ஏற்படுத்தியிருக்கிறது. அவருடைய அறிக்கைகள் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டு, பொதுக்கணக்குக் குழுவால் ஆராயப்பட வேண்டும். 2017 ஜூலையில் வந்த சி.ஏ.ஜி. அறிக்கை, இராணுவத்திடம் இருக்க வேண்டிய 152 வகை வெடிபொருள்களில் 61 வகைகள் பத்து நாள் போருக்குக்கூடப் போதாத அளவில் இருந்ததைச் சுட்டிக்காட்டியது. நாடே அதைப் பற்றிப் பேசியது. அதற்குப் பிறகு பாதுகாப்புத் துறை பற்றிய தணிக்கை அறிக்கைகள் பலவும் இணையதளத்தில் ஏற்றப்படவில்லை. வெளிநாடுகளில் இருப்பவர்களும் படித்துவிடுவார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அயல்நாட்டார் பார்க்கக்கூடாது என்று மூடிய கதவு வரி கட்டும் நமக்கும் சேர்த்தே மூடிவிட்டது.

மூன்றாவது கேள்விதான் மிகவும் கடினமானது. உளவு நிறுவனங்களின் இரகசிய நிதி நாடாளுமன்றத்தின் எந்தக் குழுவின் முன்பும் வருவதில்லை. வெளிநாட்டு உளவுக்காக 1968-ல் தொடங்கப்பட்ட 'ரா' அமைப்பைக் கண்காணிக்க நாடாளுமன்றக் குழு எதுவும் கிடையாது. 2011-ல் மணீஷ் திவாரி என்ற உறுப்பினர் இத்தகைய கண்காணிப்புக்காகத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. 2005-ல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டமும் 24-ஆம் பிரிவின் மூலம் இந்த அமைப்புகளுக்கு விலக்கு அளித்துவிட்டது. ஊழல் பற்றியும் மனித உரிமை மீறல் பற்றியும் கேட்டால் மட்டுமே அந்த விலக்கு செல்லாது.

நம் மாவட்டத்தில் இருந்த இரகசியம்

இதெல்லாம் தில்லியில் நடப்பவை, நமக்கு என்ன என்று நினைக்க வேண்டாம். நமக்குக் கிழக்கே கடற்கரையில் இருக்கிறது கல்பாக்கம். 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரியும்வரை அதுவும் நம் காஞ்சிபுரம் மாவட்டம்தான். அங்கே அணுமின் நிலையம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதே வளாகத்தில் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலுக்கான மாதிரி உலை ஒன்று கட்டப்பட்டு, 2006 முதல் இயங்கி வந்தது நமக்குத் தெரியாது. புளுட்டோனியம் மறுசுழற்சித் திட்டம் என்ற வேறு பெயரில் அது மறைக்கப்பட்டிருந்தது. 2009 ஜூலை 26 அன்று 'அரிஹந்த்' நீர்மூழ்கிக் கப்பல் விசாகப்பட்டினத்தில் கடலில் இறக்கப்பட்ட பிறகு, ஆகஸ்டில்தான் அந்த உலை பத்திரிகையாளர்களுக்கு முதன்முறையாகக் காட்டப்பட்டது.

அந்த உலையைக் கட்டியவர்களின் திறமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. உலையின் வடிவமைப்பை ஊரறியச் சொல்ல வேண்டும் என்றும் கேட்கவில்லை. ஆனால் ஒன்றை யோசிப்போம். ஒரு திட்டம் இருப்பதையே அரசு பல்லாண்டுகளாக வெளிப்படையாக ஒப்புக்கொள்ளாதபோது, அதற்கு எவ்வளவு செலவானது, எவ்வளவு காலம் தாமதமானது, தாமதத்துக்கு யார் பொறுப்பு என்று சபையில் யார் கேட்க முடியும்? திட்டம் வெற்றி பெற்றதால் நாம் பெருமைப்படுகிறோம். தோல்வியடைந்த இரகசியத் திட்டங்கள் ஏதேனும் இருந்தால் அவற்றைப் பற்றி நமக்கு எப்படித் தெரியும்?

போபர்ஸ் முதல் ரபேல் வரை

1986 மார்ச்சில் சுவீடன் நாட்டின் போபர்ஸ் நிறுவனத்துடன் ரூ.1,437 கோடிக்குப் பீரங்கி ஒப்பந்தம் போடப்பட்டது. அதில் தரகுப் பணம் கைமாறியதாக 1987 ஏப்ரலில் சுவீடன் வானொலி அறிவித்தது. நம் நாடாளுமன்றமோ தணிக்கையோ முதலில் கண்டுபிடிக்கவில்லை. அயல்நாட்டு வானொலி சொல்லி நாம் தெரிந்துகொண்டோம். பிறகு சென்னையிலிருந்து வெளிவரும் 'தி இந்து' நாளிதழ் ஆவணங்களை ஒவ்வொன்றாக வெளியிட்டது. நாடாளுமன்றக் கூட்டுக்குழு 1988-ல் தந்த அறிக்கை முறைகேடு இல்லை என்று சொல்லியபோது, அக்குழுவில் இருந்த தமிழகத்தைச் சேர்ந்த ஆலடி அருணா மாறுபட்ட கருத்தை எழுதிக் கொடுத்தார். 1989-ல் சி.ஏ.ஜி. அறிக்கை வந்தபின் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கூட்டமாகப் பதவி விலகினர். அந்த ஆண்டுத் தேர்தலில் ஆட்சி மாறியது. ஆனாலும் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போயின. பணம் யாரிடம் போனது என்று முழுமையாக நிலைநாட்டப்படவில்லை.

அந்தப் பீரங்கிகள் 1999 கார்கில் போரில் நன்றாகவே பயன்பட்டன என்பதையும் சொல்ல வேண்டும். பொருள் நல்லதாக இருக்கலாம். ஆனால் பொருள் நல்லது என்பதால் கணக்குக் காட்டத் தேவையில்லை என்று ஆகிவிடாது.

பிறகு வேறு கட்சியின் ஆட்சி. 2016 செப்டம்பரில் பிரான்சிடமிருந்து 36 ரபேல் போர் விமானங்கள் வாங்க ஏறக்குறைய ரூ.59,000 கோடிக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. விலை விவரம் இரகசியம் என்று அரசு சொன்னது. உச்ச நீதிமன்றத்துக்கு மூடிய உறையில் விவரம் தரப்பட்டது. விசாரணை தேவையில்லை என்று 2018 டிசம்பர் 14 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பில், விலை பற்றிய சி.ஏ.ஜி. அறிக்கையைப் பொதுக்கணக்குக் குழு ஆராய்ந்துவிட்டதாக ஒரு வரி இருந்தது. ஆனால் அப்போது அந்த அறிக்கை நாடாளுமன்றத்துக்கே வந்திருக்கவில்லை. தாங்கள் கொடுத்த குறிப்பைத் தவறாகப் படித்துவிட்டார்கள் என்று மறுநாளே அரசு திருத்தம் கேட்டது. 2019 பிப்ரவரியில் அறிக்கை சபைக்கு வந்தபோது, முந்தைய விலையைவிட 2.86 விழுக்காடு குறைவு என்று அது சொன்னது. விலைத் தொகைகளோ மறைக்கப்பட்டிருந்தன. மறுஆய்வு மனுக்களும் அதே ஆண்டு நவம்பரில் தள்ளுபடியாயின.

இங்கே நாம் எந்தக் கட்சிக்கும் தீர்ப்புச் சொல்லவில்லை. விலை நியாயமானதாகவே இருந்திருக்கலாம். ஆனால் மூடிய உறையில் தரப்பட்ட ஒரு குறிப்பு தவறாகப் படிக்கப்பட்டபோது, அதைத் திருத்தக்கூடியவர்கள் யாரும் அதைப் பார்க்க முடியாத நிலை இருந்தது. அந்தக் குறிப்பு எதிர்த்தரப்பின் கையிலும் இருந்திருந்தால், தவறு நீதிமன்றத்திலேயே, தீர்ப்புக்கு முன்பே தெரிந்திருக்கும்.

நட்டம் யாருக்கு?

முதல் நட்டம் படைவீரருக்கு. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சின் பனிமலையில் ஏற்பட்ட பனிச்சரிவில் மெட்ராஸ் படைப்பிரிவைச் சேர்ந்த பத்து வீரர்கள் புதையுண்டு உயிர் துறந்தார்கள். அவர்களில் நால்வர் தமிழகத்தைச் சேர்ந்தவர்கள். பக்கத்து வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்தவரும் அவர்களுள் ஒருவர். பனிச்சரிவு இயற்கையின் செயல். ஆனால் அதே சியாச்சின் போன்ற உயரமான இடங்களில் உள்ள வீரர்களுக்குப் பனிக் கண்ணாடி போதவில்லை, காலணியும் உடையும் தட்டுப்பாடு, உணவில் கிடைக்க வேண்டிய கலோரி குறைந்திருக்கிறது என்று 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சி.ஏ.ஜி. அறிக்கை சொன்னது. இது இயற்கையின் செயல் அல்ல. கணக்குக் கேட்பது படைக்கு எதிரான செயல் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த வீரருக்குக் காலணி வந்து சேர்ந்ததா என்று கேட்டவர் தணிக்கையாளர்தான் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது நட்டம் ஏழைக்கு. 1964 டிசம்பரில் நற்கருணை மாநாட்டுக்காக மும்பை வந்த திருத்தந்தை ஆறாம் பவுல், ஆயுதங்களுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை ஏழைகளுக்காக ஒதுக்குங்கள் என்று உலக நாடுகளைக் கேட்டுக்கொண்டார். 1967-ல் எழுதிய 'மக்களின் முன்னேற்றம்' என்ற சுற்றுமடலிலும் அதை நினைவுபடுத்தினார். இந்திய மண்ணிலிருந்து எழுந்த வேண்டுகோள் அது. ஆனால் எவ்வளவு செலவாகிறது, எதற்குச் செலவாகிறது, எங்கே வீணாகிறது என்பதே தெரியாதபோது எதைக் குறைக்கச் சொல்வது?

மூன்றாவது நட்டம் நேர்மையானவருக்கு. இதை நாம் அதிகம் யோசிப்பதில்லை. மும்பைத் தாக்குதலுக்குப் பின் இராணுவத்தில் ஏற்படுத்தப்பட்ட ஓர் இரகசியப் பிரிவு, தன் நிதியைத் தவறாகப் பயன்படுத்தியதாக 2013-ல் செய்தி வெளியானது. சம்பந்தப்பட்டவர்கள் மறுத்தார்கள். இராணுவத்தின் உள் விசாரணை அறிக்கை மக்கள் முன் வைக்கப்படவில்லை. தவறு நடந்திருந்தால் தவறு செய்தவர் தப்பித்தார். நடக்கவில்லை என்றால் ஒரு பாவமும் அறியாதவர்கள் பழியைச் சுமந்துகொண்டு நிற்கிறார்கள். எப்படி இருந்தாலும் இருட்டு நியாயம் செய்யவில்லை.

உத்திரமேரூர்ச் சபையார் இதைப் புரிந்துவைத்திருந்தார்கள். ஓலைகள் இட்ட குடத்தை வயதில் மூத்தவர் எல்லோரும் காணும்படி உயர்த்திப் பிடிப்பார். ஒன்றும் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் கணக்கர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். பிறகு உரக்கப் படிக்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை இல்லை என்று ஊருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. விரித்த கை ஊரைக் காப்பாற்றியது. அந்தக் கணக்கரின் பெயரையும் காப்பாற்றியது.

இரகசியமும் கணக்கும் சேர்ந்து இருக்க முடியுமா?

முடியும். ஜெர்மனியில் 2.5 கோடி யூரோவுக்கு மேற்பட்ட இராணுவக் கொள்முதல் எதுவானாலும் நாடாளுமன்றத்தின் நிதிநிலைக் குழுவின் ஒப்புதலுக்குப் போகிறது. உளவு நிறுவனங்களின் நிதியை ஆராய இரகசியம் காக்கும் தனிக் குழுவே அங்கே இருக்கிறது. பிரிட்டனில் 1994 முதல் உளவு அமைப்புகளைக் கண்காணிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் கொண்ட குழு சட்டப்படி இயங்குகிறது. அக்குழுவினர் இரகசியக் காப்புச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். அமெரிக்காவிலும் உளவுத் துறைக்கெனக் காங்கிரஸ் குழுக்கள் உண்டு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2018 முதல் 2024 வரை ஏழு முறை முழுத் தணிக்கைக்கு உட்பட்டு ஒருமுறைகூடத் தேறவில்லை. வெட்கப்படத்தக்க செய்திதான். ஆனால் தேறவில்லை என்ற அந்தச் செய்தியை அந்நாட்டு மக்களுக்குச் சொல்கிறார்கள்.

எங்கே படை நிற்கிறது, எப்போது நகரும், யார் உளவு சொல்கிறார் என்பவை பகைவனிடமிருந்து மறைக்கப்பட வேண்டியவை. தரகு கொடுக்கப்பட்டதா, வாங்கிய பொருள் வந்து சேர்ந்ததா, சொன்ன விலைக்குத்தான் வாங்கினார்களா என்பவை யாரிடமிருந்து மறைக்கப்பட வேண்டும்? ஊர் முழுக்கச் சொல்ல முடியாதவை இருந்தால், ஊர் தேர்ந்தெடுத்த சிலரிடமாவது கதவை மூடிக்கொண்டு சொல்லலாமே.

நாம் என்ன செய்யலாம்?

நம்மைச் சுற்றியுள்ள கிராமங்களில் கிராம சபை கூடும் நாட்களை நாம் அறிவோம். 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம் சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. வரப்பு வெட்டிய பெண்ணின் பெயரும் வேலை நாளும் கூலியும் சபையில் வாசிக்கப்பட்டன. சில நூறு ரூபாய்க் கூலிக்கு ஊரறியக் கணக்குச் சொல்லத் தெரிந்த நாடு, பல ஆயிரம் கோடிக்குச் சில உறுப்பினர்களிடமாவது கணக்குச் சொல்லக் கூடாதா?

உத்திரமேரூர் காஞ்சிபுரம் மக்களவைத் தொகுதியில் அடங்கியது. நம் உறுப்பினர் எந்தக் கட்சியாக இருந்தாலும், ஊருக்கு வரும்போது நாம் சாலையும் குடிநீரும் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். கூடவே நான்கு கேள்விகளையும் கேட்போம். பாதுகாப்பு மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வர வேண்டும் என்று நீங்கள் எழுந்து கேட்டீர்களா? பாதுகாப்புத் தணிக்கை அறிக்கைகளில் உண்மையிலேயே இரகசியமான பகுதிகளை மட்டும் நீக்கி மற்றதை மக்கள் பார்க்க வைக்கும்படி வற்புறுத்தினீர்களா? மறைக்கப்படும் பகுதிகளைப் பொதுக்கணக்குக் குழு முழுமையாகப் பார்க்கிறதா? உளவு நிறுவனங்களுக்கு நாடாளுமன்றக் கண்காணிப்புக் குழு வேண்டும் என்பதில் உங்கள் நிலை என்ன? அன்பியக் கூட்டங்களில் இந்தக் கேள்விகளைப் பேசி, ஒரு கடிதமாக எழுதி அனுப்பலாம். அஞ்சலட்டை எழுதுவதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை.

கேட்பதற்கு முன் நம் வீட்டையும் பார்த்துக்கொள்வோம். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும். இறைமக்கள் கொடுக்கும் காணிக்கைக்கு அவர்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும். நம் பங்கில், நம் சுயஉதவிக் குழுவில், திருவிழாக் குழுவில் கணக்கு வாசிக்கப்படுகிறதா? வாசிக்கும்போது நாம் உட்கார்ந்து கேட்கிறோமா, அல்லது கணக்கு வாசிக்கும் நேரம் பார்த்து எழுந்து போய்விடுகிறோமா? சிறிய கணக்கைக் கேட்கப் பழகாத மக்கள் பெரிய கணக்கைக் கேட்க மாட்டார்கள்.

லூக்கா நற்செய்தியில் தலைவர் தம் வீட்டுப் பொறுப்பாளரை அழைத்துக் கணக்கை ஒப்படைக்கச் சொல்லும் உவமை நமக்குத் தெரியும். மக்களாட்சியில் அந்தத் தலைவரின் இடத்தில் இருப்பவர்கள் வரி கட்டும் நாம்தான். அழைத்துக் கேட்க வேண்டிய பொறுப்பும் நம்முடையதே.

அடுத்த முறை விருந்தினரை வைகுண்டப் பெருமாள் கோவிலுக்கு அழைத்துப் போகும்போது, தேர்தலைப் பற்றிய வரிகளைக் காட்டிவிட்டுத் திரும்பிவிட வேண்டாம். கணக்குக் காட்டாதவர் நிற்கக்கூடாது என்ற வரியையும் அவர்களுக்குச் சொல்லுவோம். நம் பிள்ளைகளுக்கும் சொல்லுவோம். சிந்திப்போம், கேட்போம்.